முப்பத்தொன்பதாம் விளக்கு

ஜனவரி 6, திங்கள்

புது நோட்டு. எந்த வள்ளத்து இன்ஜினை எப்போது பிரித்தேன், எந்த நாசிலை மாற்றினேன் என்று இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன். இந்த வருடம் நோட்டின் பின்பக்கத்திலிருந்து வீட்டு விஷயத்தையும் எழுதப் போகிறேன். வீட்டில் நடப்பது இன்ஜினைவிட விசித்திரமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

என் மனைவி செண்பகவல்லி ஒரு கலைஞர். இதைச் சொன்னால் தூத்துக்குடியில் அடுத்த கேள்வி, "பாட்டா, டான்ஸா?" இரண்டும் இல்லை. பாலிடெக்னிக்கில் பன்னிரண்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். வங்கியில் டோக்கன் எண் காட்டுகிற பழைய பலகைகளை வாங்கி வந்து, எதிரே நிற்கிறவரின் நாடித்துடிப்பை அதில் எண்ணாக ஓடவிட்டாள். கொச்சியில் அதைப் பார்க்க வரிசை நின்றது. அடுத்தது உடைந்த கைபேசித் திரைகள் நானூறு வைத்து ஒரு சுவர். சென்னையில் அதைப் பார்க்க ஏழு பேர் வந்தார்கள், அதில் நானும் என் கூட்டாளி கஸ்பாரும் இரண்டு பேர். எங்கள் தெருவில் பேச்சு ஒன்றுதான்: "தொபியாஸ் பொண்டாட்டி சீரியல் செட்டு போடுதாளாம்." போன வருடம் கோயில் திருவிழாவுக்குப் போட்டுத் தரச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு டீ கொடுத்து, தான் செய்வது என்ன என்று அரை மணி நேரம் விளக்கினாள். "சரிக்கா, அப்ப கொடிமரத்துக்கு மட்டுமாவது போட்டுத் தாங்க" என்றார்கள்.

இப்போதைய வேலை எல்லாவற்றையும் மிஞ்சியது. கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்தில், தண்ணீருக்குள் கேட்கிற மைக் ஒன்றைப் போட்டிருக்கிறாள். மேலே ஒரு மஞ்சள் மிதவை. கடலடியில் கேட்கிற சத்தம் மிதவையிலிருந்து காற்றில் வந்து, கடற்கரையில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த பழைய உப்புக் குடோனில் ஒரு கணினிக்குள் இறங்குகிறது. குடோன் கூரையிலிருந்து அறுபத்து மூன்று விளக்குகள் தொங்குகின்றன. எங்கள் கரை வள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. எந்த வள்ளம் மிதவைப் பக்கம் போகிறதோ அந்த விளக்கு எரிய வேண்டும்.

எந்த வள்ளம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் நான்.

ஜனவரி 9, வியாழன்

காலை முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் சத்தத்தை ஓடவிடுவாள், நான் பெயர் சொல்ல வேண்டும். "இது சூசை வள்ளம். இது தெற்குத்தெரு மச்சாது வள்ளம், டேப்பட் தட்டுது. இது புது இன்ஜின், ரொட்ரிகோ பயலுவளுது." இதில் நாற்பதுக்கும் மேற்பட்ட இன்ஜின்கள் என் கையால் பிரிந்து சேர்ந்தவை. இருமலை வைத்தே ஆளைச் சொல்கிற மாதிரிதான்.

நான் சொல்லச் சொல்ல அந்தக் கணினி படிக்கிறது. முதல் வாரம் பத்துக்கு இரண்டு சரியாகச் சொன்னது. நேற்று ஏழு. இன்று சாயங்காலம் ஒரு சத்தம் வந்தது, நான் வாயைத் திறக்குமுன் கூரையில் பன்னிரண்டாம் விளக்கு எரிந்துவிட்டது. சூசை வள்ளம். சரிதான்.

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. இருபத்தாறு வருடம் கிரீஸில் உழன்று கற்றதை மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டு ஒன்று மேலே நின்று சிரிக்கிறது.

"என்ன, பயந்துட்டீங்களா?" என்றாள்.

"பயமில்ல. எனக்கு முன்னாடி சொல்லிட்டே, மரியாத தெரியாத மிஷினு."

குடோனின் நடுவில் தரையில் பெரிய தகரத் தட்டுகள் இருக்கின்றன, வெள்ளைத் துணி போட்டு மூடி. என்ன என்று கேட்டேன். "அது ஞாயித்துக்கிழமைக்கு" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை. கறிக்குழம்பு. தூக்கம். செண்பகம் குடோனில். அவள் கோவில்பட்டிக்காரி, எங்கள் கிறிஸ்தவ வேதம் இல்லை, எனவே மாதா கோயில் பூசைக்கு வருவதில்லை. "ஒரு ஞாயித்துக்கிழமையாவது அங்க வாங்களேன்" என்றாள். ஞாயிறு நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை என்றேன். "ஸ்பேனர் வேண்டாம், காது போதும்" என்றாள். இந்த ஆறு நாள் கேட்டது போதாதாக்கும்!

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மாடியில் பானை வைத்தாள், நான் கரும்பு வெட்டினேன். பால் பொங்கும் நேரத்தில் கைபேசி மணி அடித்தது, அவள் படித்துவிட்டு அப்படியே நின்றாள். பால் அடுப்பில் வழிந்து தீயே அணைந்துவிட்டது.

நெதர்லாந்தில் ஒரு கலைக்கூடம். கடலும் இயந்திரமும் பற்றி வேலை செய்கிற ஐந்து பேரை உலகம் முழுக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒவ்வொரு ஊருக்காக வந்து நேரில் பார்ப்பார்கள். ஐவரில் ஒருவருக்கு அங்கே பெரிய கூடம், பட்டறை, உதவியாளர்கள், தங்குமிடம். ஒரு வருடம்.

"ஒரு வருசமா?" என்றேன்.

"ஒரு வருசம்."

"குளிருமே."

"சுவெட்டர் போட்டுக்கிடுவேன்."

நல்லதுதான் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை, சோறு வடிக்கத் தெரியும், மீன் குழம்பு அவளைவிட நன்றாக வைப்பேன். துணி துவைக்க மிஷின் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூடம், படிப்பு என்ற தொந்தரவும் கிடையாது. இரண்டு பேருக்கான வீட்டில் ஒரு ஆள் இருந்தால் வேலையும் பாதியாகும்.

வருகிறவர்கள் பிப்ரவரி 12 முதல் 16 வரை ஐந்து நாளில் ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். "கடலப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். எந்தத் தேதி நல்லது?" என்று கேட்டாள்.

பதினாறு என்றேன்.

அவள் என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகையாக இருக்கும். "சரிங்க, பதினாறு" என்று உடனே பதில் அனுப்பிவிட்டாள்.

ஜனவரி 22, புதன்

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

கஸ்பாரின் வள்ளத்துக்கு முப்பத்தொன்பதாம் விளக்கு. காலை எட்டரைக்கு அந்த இன்ஜின் சத்தம் வந்தது. எனக்கு அச்சுப் பிசகாமல் தெரியும், போன மாதம்தான் பிரித்து மாட்டினேன். விளக்கு எரிந்தது, ஆனால் நடுங்கியது. எரிவதும் மங்குவதுமாக ஒரே தடுமாற்றம்.

"உன் மிஷினுக்குக் காய்ச்சல்" என்றேன்.

அவள் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது கஸ்பார் அண்ணன் வள்ளம்தான்னு சொல்லுது. ஆனா ஏதோ மாறியிருக்காம். நீங்க போய்ப் பாருங்க."

"நான் கேட்டுட்டேன். ஒண்ணும் மாறல."

மதியம் கஸ்பார் கரை ஏறினான். வீம்புக்குத்தான் போய்ப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டரில் டீசலைப் பீய்ச்சும் நாசில் கசிந்துகொண்டிருந்தது. லேசாக, விரல் வைத்தால்தான் தெரிகிற அளவு. இன்னும் பத்து நாள் போயிருந்தால் நடுக்கடலில் நின்றிருப்பான்.

குடோனுக்கு வந்து அந்தக் கணினியின் முன்னால் நின்றேன். கடைசியில் வணக்கம் வைத்துவிட்டேன். செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் நான் வேடிக்கைக்குச் செய்யவில்லை. ஆறு பாகம் ஆழத்தில் கேட்கிற ஒரு காதை இந்தப் பெண் செய்து வைத்திருக்கிறாள். என் வீட்டில் எனக்குத் தோசை சுட்டுப் போடுகிற அதே பெண்.

ஜனவரி 26, ஞாயிறு

பூசை. குடியரசு தினம், கோயில் மைதானத்தில் கொடி. செண்பகம் மறுபடி கூப்பிட்டாள். எனக்குத் தலைவலி என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இங்கே ஒன்று எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16 ஞாயிறு. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். கடலுக்கும் ஒருநாள் ஓய்வு. மீறி இறக்கினால் ஊர்க் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். ஆகவே அன்று மிதவைப் பக்கம் ஒரு இன்ஜின் ஓடாது. அறுபத்து மூன்று விளக்கில் ஒன்றும் எரியாது. அத்தனை தூரத்திலிருந்து வருகிறவர்கள் இருட்டுக் குடோனைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

தேதி சொல்லும்போது எனக்கு இது தெரியுமா என்றால், தெரியும்.

அவள் எப்போதும் தேதியைத்தான் பார்ப்பாள், கிழமையைப் பார்க்க மாட்டாள். பதினேழு வருடக் கல்யாண நாளில் ஒன்றுகூட என்ன கிழமை என்று அவளுக்குத் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன்.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

சொல்லவில்லை. ரொட்ரிகோ வள்ளத்துக்கு வாட்டர் பம்ப் மாற்றினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பாலிடெக்னிக்கிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஒரு இடம் காலியாம், பழைய ஆள் என்பதால் முதலில் கேட்கிறார்கள். மார்ச்சில் பதில் சொல்லுவதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"எதுக்கு மார்ச்சு?" என்றேன்.

"இதுவும் இல்லன்னு ஆயிட்டுன்னா போயிருதேன். இதுவரைக்கும் பதினோரு எடத்துல இல்லன்னுட்டான். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. எத்தன நாள் உங்க உழைப்புல உக்காந்து விளக்கு எரிக்கதுக்கு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். பற்றவைக்கிற கம்பி சுட்டுச் சுட்டு அவள் வலது கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கின்றன. காய்த்த அந்த விரலால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

குடோன் வாசலில் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறாள். வேலையின் பெயர் "கடலோசைக் கூடம்". கீழே ஆக்கியவர்கள்: செண்பகவல்லி, தொபியாஸ்.

"என் பேரு எதுக்கு?"

"அறுபத்து மூணு வள்ளத்துக்கும் பேரு வச்சது யாரு?"

பலகையை நேராக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. என் பெயரை யாரும் எந்தப் பலகையிலும் எழுதியதில்லை. நான் ஒரு யூதாஸ்.

தேதியை மாற்ற இப்போது வழியில்லை. அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.

பிப்ரவரி 15, சனி

கஸ்பாரிடம் போனேன். நடந்ததெல்லாம் சொன்னேன். அவன் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஏலே, நீ மனுசனா?"

"இல்ல. வள்ளம் வேணும்."

"ஞாயித்துக்கிழமையா? கமிட்டில என்னயச் சேத்துல்ல கட்டி வச்சிருவானுவ."

"நான் ஒருத்தனே போறேன். மிதவைக்கு மேல பத்து நிமிசம் ஓட்டிட்டு வந்துருதேன். ஒரு விளக்காவது எரியட்டும். அவ மானம் போவக்கூடாது."

அவன் பீடித் துண்டைத் தூர எறிந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் திண்டில் வைத்தான். "எனக்குக் காலைல பூச இருக்கு. சாவியக் கீழ போட்டுட்டேன். யாரு எடுத்தான்னு தெரியாது."

பிப்ரவரி 16, ஞாயிறு

முதன்முறையாகப் பூசைக்குப் போகவில்லை. அவசரமாக ஒரு இன்ஜின் பார்க்கப் போவதாகச் சொன்னேன். "இன்னைக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "வரமாட்டீங்களா?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் மட்டும் அதே சுட்ட தழும்பு.

வந்தவர்களுக்குப் பத்து மணிக்குக் காட்டத் தொடங்குவதாகப் பேச்சு. பத்தேகாலுக்கு வள்ளத்தைத் தள்ளினேன். மணி அடித்து நடுப்பூசை தொடங்கியிருந்தது, கரையில் ஒரு குஞ்சு இல்லை.

கடலை அப்படி நான் பார்த்ததே கிடையாது. ஐம்பத்தொரு வருடம் இதே கரையில் இருக்கிறேன், ஞாயிறு காலைக் கடலை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஒரு வள்ளம் இல்லை, ஒரு புகை இல்லை. வானத்தின் அடி வரைக்கும் வெறும் தண்ணீர், எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. அதன் நடுவில் நான் ஒருவன் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போகிறேன். கோயிலுக்குள் செருப்புக் காலோடு நுழைந்தவன் மாதிரி கூசியது.

மிதவைக்கு வந்ததும் பத்து நாற்பது. சுற்றிச் சுற்றி ஓட்டினேன். கீழே அந்தக் காது கேட்கிறது என்று தெரியும். "கேளு தாயி, கேளு, நான்தான், முப்பத்தொன்பது, கஸ்பார் வள்ளம், நாசில் புதுசு" என்று வாய்விட்டே சொன்னேன். பதினோரு நிமிடம். பிறகு திரும்பினேன்.

குடோனுக்கு வந்தபோது பன்னிரண்டு. வந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். செண்பகம் மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தகரத் தட்டுகளின் மேல் துணி இல்லை. தட்டு நிறையப் பொடி உப்பு. அது கட்டி கட்டியாக, சேற்றில் டயர் போன தடம் மாதிரிக் குழம்பிக் கிடந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"பத்து மணிலேருந்து நல்லாப் போய்க்கிட்டு இருந்துச்சு. பத்து நாப்பதுக்கு ஒரு விளக்கு எரிஞ்சுது."

"எரிஞ்சுதா!" என்றேன். சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

"எரிஞ்சுது. முப்பத்தொன்பது. கஸ்பார் அண்ணன் வள்ளம். ஆனா அவரு பூசைல இருப்பாரு. அப்ப ஓட்டினது யாருன்னு யோசிச்சேன்."

நான் கை கிரீஸை வேட்டியில் துடைத்தேன்.

"நான் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இங்க எதுக்கு வாரேன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?" குரலை உயர்த்தவே இல்லை. "ஆறு நாள் இன்ஜின் சத்தம். அது நிக்கிற ஒருநாள்லதான் கடலோட சத்தம் கேக்கும். அதுக்குத்தான் இந்த உப்பு, தட்டுக்கு அடில ஸ்பீக்கர் இருக்கு, சத்தத்துக்கு ஏத்தபடி ஆடும். வேலையே அதுதான். விளக்கெல்லாம் அணையணும், அப்பதான் தொடங்கும். வாரவங்ககிட்ட ஞாயித்துக்கிழமையே வாங்கன்னு கேக்க எனக்குத் தயக்கம். ஊர்ல எல்லாரும் பூசைக்குப் போற நாளு, நீங்களும் வரமாட்டீங்க. அதான் தேதிய உங்ககிட்ட விட்டேன். நீங்க பதினாறுன்னீங்க. அன்னைக்கே காலண்டரப் பாத்தேன். பொங்கப் பானை முன்னாடி நின்னு அழுதேன். நான் வாயத் தொறந்து கேக்காதத எடுத்துக் குடுக்காரேன்னு."

தகரத் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கு அந்த விளக்கு எரிஞ்சதும் தெரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழம எதுக்குன்னு தெரிஞ்சு குடுத்தவரு வள்ளத்த எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாரு. கெடுக்க நெனச்சீங்க. அப்புறம் மனசு கேக்காம சரி பண்ணப் போனீங்க. ரெண்டையும் விளக்கே சொல்லிட்டு."

எழுந்து விளக்கு மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் குழம்பிய உப்பைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருட்டில் நின்றேன். அந்தத் தடம் என் இன்ஜின் போட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

பேசவில்லை. தோசை இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஊர்க் கமிட்டி கூப்பிட்டது. நான் கரை திரும்பியதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். கஸ்பாருக்குத் தெரியாமல் வள்ளத்தை எடுத்தேன் என்றேன். கோயில் ஜெனரேட்டரை ஆறு மாதத்துக்கு நான் பார்த்துக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். இன்னும் பெரிதாக ஏதாவது கொடுத்திருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன்

பலகையில் என் பெயரை அழித்திருப்பாள் என்று போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஐந்தரை மணிக்கு நடக்கும் முதல் பூசைக்குப் போய்விட்டு நேராகக் குடோனுக்கு நடந்தேன். கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே அவள் இருந்தாள். இரண்டு முக்காலிகள் கிடந்தன.

உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கடைசி ஜன்னலையும் மூடி, தட்டுகளுக்கு மேல் ஒரு சின்ன வெளிச்சத்தை மட்டும் போட்டாள். அறுபத்து மூன்று விளக்கும் கரியாகத் தொங்கின. உப்பைச் சமமாகத் தடவி வைத்திருந்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம், மிக மெலிதாக, நாலாபக்கமும். உப்பு குதிக்கத் தொடங்கியது. குவியலாக இல்லை, ஒவ்வொரு மணியாக. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு ஆயிரம், பிறகு எண்ண முடியவில்லை. தரையிலிருந்து மேலே பெய்கிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னதிது?" என்றேன். கோயிலில் பேசுகிற குரல்தான் வந்தது.

"விரல் நீளம்கூட இல்லாத ஒரு எறா. கொடுக்கைச் சொடுக்கும். லட்சக்கணக்குல இருக்கு. எப்பவும் சொடுக்கிக்கிட்டுத்தான் இருக்கு. ஆறு நாளும் இன்ஜின் அதை மூடிருது."

அப்போது அடியிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. கொட்டு அடிக்கிற மாதிரி, மூன்று மூன்றாக. தட்டில் உப்பு பிரிந்து வளையம் வளையமாக நின்றது, பூத்தது, கலைந்தது, மறுபடி பூத்தது.

"இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள். "ஒரு வருசமாத் தேடுதேன்."

எனக்குத் தெரிந்தது. "கத்தாளை" என்றேன். துடுப்பைத் தண்ணீரில் நட்டு அதில் காதை ஒட்டினால் கத்தாளை மீன் கத்துவது கேட்கும் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது எல்லா வள்ளத்திலும் இன்ஜின் வந்துவிட்டது, பிறகு அந்த இன்ஜின்களை ஓட வைப்பதே என் தொழிலாகிவிட்டது.

அவள் கணினியில் அந்தப் பெயரை எழுதினாள். க, த், தா என்று ஒவ்வொரு எழுத்தாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். ஆண்டவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்து எதைக் கேட்டான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதை என் மனைவி ஒரு உப்புக் குடோனில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறாள். அதன் மேல்தான் நான் பதினோரு நிமிடம் தடதடவென்று ஓட்டியிருக்கிறேன்.

"மன்னிச்சிரு செண்பகம். நீ போயிட்டா திரும்பி வரமாட்டன்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்" என்றாள். தட்டைக் காட்டி, "சத்தம் போடாம இருங்க, கேக்கு" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கடிதத்தை எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அன்று வந்த அம்மாள் எழுதியிருக்கிறார்: நாற்பது நிமிடம் கடலைக் கேட்டோம், அதன்பின் ஒற்றை விளக்கு எரிந்ததும் அத்தனை உப்பும் கலைந்தது, ஒரே ஒரு இன்ஜின் எவ்வளவை மூடுகிறது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, இதை எப்படித் திட்டமிட்டீர்கள்?

"என்ன பதில் போடப் போற?"

"அன்னைக்கே கேட்டாங்க, சொல்லிட்டேன். திட்டமெல்லாம் இல்ல, அது என் வீட்டுக்காரருன்னு."

மார்ச் 8, சனி

தவக்காலம். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஞாயிறு வள்ளம் எடுத்ததைச் சொன்னதும் சாமியார், "மீன் பிடிச்சியா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன எதுக்குப் போன?" என்றார். முழுக்கதையும் சொன்னேன். பிறகு, "அந்தக் குடோனு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

வழியனுப்பிவிட்டு வந்தேன். பெட்டியில் இருபது கிலோ உப்பு, தூத்துக்குடி உப்பேதான் வேண்டுமாம். கூரையிலிருந்து ஒரே ஒரு விளக்கைக் கழற்றி, சேலைக்குள் சுற்றி எடுத்துப் போயிருக்கிறாள். எந்த விளக்கு என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு குடோனுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன்.

முப்பத்தெட்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில் வெறும் கம்பி.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் பூசை. பிறகு குடோன். சாமியாரும் கஸ்பாரும் வந்திருந்தார்கள். மூன்று பேரும் பதினொரு மணி வரை வாயைத் திறக்கவில்லை. கஸ்பார் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை பத்தரைக்கு மிதவைக்கு மேலே வள்ளத்தை ஓட்டினேன். கஸ்பார் கூடவே இருந்தான். அங்கே அவளுக்கு அப்போது காலை ஏழு மணி. கடலடிச் சத்தம் இணையத்தில் போய் அவள் கூடத்தில் இறங்குகிறது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தினேன். கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எரிஞ்சுது" என்று வந்தது.

கஸ்பார் துண்டை எடுத்துச் சுழற்றினான். நான் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இருக்கிற இடம் வரைக்கும் எட்டாயிரம் கிலோமீட்டர் இருக்குமாம்.

மறுபடி ஒரு செய்தி வந்தது: "ஆனா லேசா நடுங்குது. மூணாவது சிலிண்டர் நாசிலப் பாருங்க."

கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். கசிவுதான்.